குளிர்க்காயக் குறியீடு திரும்பி வந்தால் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குளிர்க்காயத்துக்குக் குறியீடு போடுகிறவர்கள் இரண்டு வகை. அரசாங்க வைத்தியசாலைப் பதிவறையில் நோயாளியின் ரிக்கற்றை (விடுதியில் எழுதும் சிகிச்சைப் பதிவை) பார்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-10இன் குறியீட்டைப் பதிபவர்கள் ஒரு வகை. அமெரிக்க வைத்தியசாலைகளின் பதிவுகளை இங்கிருந்தே வாசித்து, அதே வகைப்பாட்டின் அமெரிக்க வடிவமான ஐசிடி-10-சிஎம் குறியீடு போடுகிறவர்கள் மற்றது. முன்னவர்களுக்கு இந்தக் குறியீடுகள் எப்போதாவதுதான் வரும். பின்னவர்களுக்கு மார்கழி, தை என்றால் வரிசையாக வரும். இரண்டு முறையிலும் எண்கள் ஒரேமாதிரித் தெரியும், விதிகள் ஒன்றல்ல. ஒரு முறையில் பழகிய கை மற்றதில் பிழைவிடுவது அதனால்தான்.

கீழே குறியீட்டின் எழுத்துகளை நாங்கள் வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம்: எக்ஸ்31, டபிள்யூ93, ரி68 என்று. ‘ரி’ ஆங்கில அகரவரிசையின் இருபதாவது எழுத்து, ‘டி’ நான்காவது. இரண்டையும் மாறி வாசித்துவிடாதீர்கள். ‘பி’ மட்டும் இரண்டு எழுத்துக்கு வரும்: பி80இல் பதினாறாவது எழுத்து, பி35இல் இரண்டாவது. உலக சுகாதார நிறுவனத்தின் முறையை ‘உலக முறை’ என்றும், மற்றதை ‘சிஎம்’ என்றும் சுருக்கிச் சொல்கிறோம்.

கணினி குறியீட்டையே ஏற்கவில்லை. நீளம் பிழை என்கிறது

சிஎம்மில் மட்டும் வரும் சிக்கல் இது. ரி68 என்ற தாழ்வெப்பநிலைக் குறியீடும் எக்ஸ்31 என்ற இயற்கைக் குளிர்க் குறியீடும் மூன்று எழுத்தில் முடிகின்றன. ஆனால் ஏழாவது இடத்தில், சிகிச்சை எந்தக் கட்டம் என்று காட்டும் ஏ, டி, எஸ் மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். இடையில் வெறுமையாக உள்ள நான்காம், ஐந்தாம், ஆறாம் இடங்களை எக்ஸ் போட்டு நிரப்ப வேண்டும். ஆக ரி68க்குப் பிறகு புள்ளி, மூன்று எக்ஸ், ஒரு ஏ. எக்ஸ்31க்கும் அப்படியே. குளிர்வீக்கமான ரி69.1 ஏற்கெனவே நான்கு இடம் பிடித்துவிட்டது. அதற்கு இரண்டு எக்ஸ் போதும். வலது கால்விரல் உறைகாயமான (குளிரில் உடற்பகுதி உறைந்துபோகும் காயம்) ரி33.831இல் ஆறு இடமும் நிரம்பியிருக்கிறது. நேரே ஏ போடுங்கள். பழக்கதோஷத்தில் அங்கேயும் ஒரு எக்ஸ் செருகினால் எட்டு எழுத்தாகி விழுந்துவிடும்.

உலக முறையில் பழகியவர்கள் இன்னொரு விதமாக இடறுவார்கள். அங்கே எக்ஸ்31இன் நான்காம் எழுத்து சம்பவம் நடந்த இடத்தைச் சொல்லும்: வீடு 0, தெரு 4, தோட்டம் அல்லது வயல் 7, கடல் போன்ற குறிப்பிட்ட வேறு இடம் 8, தெரியாவிட்டால் 9. அதே கையோடு சிஎம்மில் எக்ஸ்31.8 என்று அடித்தால் அப்படியொரு குறியீடே இல்லை. சிஎம்மில் இடத்துக்கு வை92, செய்துகொண்டிருந்த வேலைக்கு வை93, சம்பளத்துக்குச் செய்த வேலையா என்பதற்கு வை99 என்று தனித்தனியாகப் போட வேண்டும். இந்த மூன்றும் முதல் சிகிச்சையின்போது ஒரு தடவைதான். எக்ஸ்31 மட்டும் அந்தக் காயத்துக்கான சிகிச்சை முடியும்வரை ஒவ்வொரு வருகையிலும் கூடவே வரலாம்.

எக்ஸ்31 முதலிடத்தில் நிற்கிறது. கிளெயிம் (கொடுப்பனவுக் கோரிக்கை) திரும்பி வருகிறது

வெளிக்காரணக் குறியீடு ஒருபோதும் முதல் நோயாக நிற்காது. உடம்புக்கு என்ன நடந்தது என்று சொல்லும் ரி33, ரி34, ரி68, ரி69 முதலில், எது அதைச் செய்தது என்று சொல்லும் எக்ஸ்31 பிறகு. ரி68ஐயும் உறைகாயத்தையும் ஒன்றாகப் போடலாம், ஒன்றையொன்று தள்ளாது. எது முந்துவது என்றால், வைத்தியர் பாரதூரமானது என்று கருதிச் சிகிச்சையைக் குவித்தது முந்தும்.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. ரி68 மட்டும் தனியே நிற்கும், காரணக் குறியீடே இருக்காது. சிஎம்மில் ரி68, ரி69 இரண்டின் கீழும் குளிரின் மூலத்தைக் காட்டும் குறியீட்டைச் சேர்க்கும்படி அறிவுறுத்தல் இருக்கிறது. அமெரிக்காவில் வெளிக்காரணக் குறியீடு நாடளாவிய கட்டாயம் அல்ல. மாநிலமோ காப்புறுதிக்காரரோ கேட்டால்தான் கட்டாயம். அதைச் சாட்டாக வைத்து விட்டுவிட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காரணம் இல்லாத ரி68ஐப் பார்ப்பவருக்கு இது பனியில் கிடந்தவரா, குளிரறையில் அகப்பட்டவரா என்று ஒன்றும் விளங்காது.

வெப்பநிலை 35 என்று இருக்கிறது. தாழ்வெப்பநிலை என்று யாரும் எழுதவில்லை

எண்ணைப் பார்த்துக் குறியீடு போடக்கூடாது. தாதியின் அட்டவணையில் 34.2 என்று இருந்தாலும், வைத்தியர் நோயின் பெயரை எழுதாதவரை ரி68 இல்லை. இது இரண்டு முறைக்கும் பொது. செய்யக்கூடியது வைத்தியரிடம் கேட்பது. எப்படிக் கேட்பது என்பது கீழே வருகிறது.

அதற்குமுன் அந்த 35 என்ற எண்ணைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். விடுதிகளில் நெடுங்காலம் புழங்கிய கண்ணாடி இரச வெப்பமானியின் அளவுகோல் 35இல் தொடங்கி 42இல் முடிகிறது. காய்ச்சல் பார்க்கச் செய்த கருவி அது. உடம்பு 31 பாகைக்கு இறங்கியிருந்தாலும் இரசம் அடிக்கோட்டுக்குக் கீழே கிடக்கும்; பார்ப்பவர் ‘35’ என்றோ ‘35க்குக் குறைவு’ என்றோ எழுதுவார். பல டிஜிற்றல் கருவிகள் 32க்குக் கீழே எண் காட்டாமல் ‘லோ’ என்று மட்டும் காட்டும். அக்குளில் வைத்தால் உள்வெப்பநிலையைவிட இன்னும் குறைவாகக் காட்டும். நனைந்த உடம்பில் சொல்லவே வேண்டாம். ஆகவே அடிக்கோட்டில் நிற்கும் 35 ஓர் அளவீடு அல்ல. கருவி கைவிட்டுவிட்டது என்பதற்கான அடையாளம்.

பதிவில் இருக்கவேண்டியது: எந்த நேரம், எந்தக் கருவி, உடம்பின் எந்த இடம், எத்தனை பாகை. குறைந்த வெப்பநிலையை வாசிக்கும் வெப்பமானியை மலவாசலில் வைத்து எடுத்ததா, மயக்க நிலையில் உணவுக்குழாய் வழி எடுத்ததா என்று எழுதியிருந்தால் பிறகு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். உள்வெப்பநிலை 35க்குக் கீழே போனால் தாழ்வெப்பநிலை; 32 வரை இலேசானது, 32 முதல் 28 வரை நடுத்தரம், 28க்குக் கீழே கடுமையானது. அமெரிக்கப் பதிவுகளில் பரனைற் அளவில் வரும்: 95, 89.6, 82.4 என்பவை முறையே அந்த மூன்று எல்லைகள். ரி68க்குள் இந்தக் கடுமை அளவைக் காட்ட இடமில்லை. ஆனாலும் எழுதியிருக்க வேண்டும். தீவிர சிகிச்சை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

தாழ்வெப்பநிலை என்று எழுதியிருக்கிறது. குளிர் எங்கும் இல்லை

வெப்பமான எங்கள் ஊரில் கூடுதலாக வருவது இதுதான். பிழையும் இங்கேதான் கூட. இன்சுலின் எடுத்து சீனி இறங்கிக் கிடந்தவர், தைரொயிட் சுரப்புக் குறைந்து மயங்கியவர், கிருமி இரத்தத்தில் கலந்த முதியவர் எல்லோருக்கும் உடம்பு குளிரும். சுற்றாடல் குளிர் காரணம் அல்ல என்றால் ரி68 அல்ல, ஆர்68.0. சிஎம்மில் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். சேர்த்துப் போட்டால் நிராகரிக்கப்படும். அந்த ஆர்68.0கூட எப்போதும் தேவைப்படாது. கிருமி இரத்தத்தில் கலந்ததன் ஒரு பகுதியாகவே வெப்பநிலை இறங்கியிருந்தால் அறிகுறிக்குத் தனிக் குறியீடு வேண்டாம். நோயின் குறியீடே போதும்.

பிறந்த குழந்தைக்கு வேறு கதவு. முதல் 28 நாளுக்குள் என்றால் பி80. எல்லைகளும் வேறு: பெரியவருக்கு 35 என்ற கோடு குழந்தைக்குச் செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பின்படி சிசுவுக்கு 36.5க்குக் கீழே போனாலே குளிர். 36 வரை இலேசு, 32 வரை நடுத்தரம், அதற்குக் கீழே கடுமை. பிரசவ அறையில் துடைக்காமல் விட்டு 36.1 ஆன சிசுவுக்கு பி80.8. பி80.0 என்பது உடம்பு சிவந்து, வீங்கி, நரம்புக் கோளாறும் சேர்ந்த கடும் குளிர்க்காய நோய். பட்டியலில் முதலாவதாக நிற்கிறது என்பதற்காக அதைத் தெரிவு செய்துவிடுகிறார்கள். ஒரு சாதாரண சிசு, காகிதத்தில் சாகக்கிடந்த சிசுவாகிவிடும்.

சத்திரசிகிச்சை மேசையில் மயக்கமருந்தோடு குளிர்ந்தவருக்கு உலக முறையில் ரி88.5, சிஎம்மில் ரி88.51. இனி, வேண்டுமென்றே குளிர்விப்பது: பிறக்கும்போது மூச்சடைத்த சிசுவை 33க்கும் 34க்கும் இடையில் 72 மணித்தியாலம் வைத்திருப்பார்கள். அது சிகிச்சை, நோய் அல்ல. அங்கே ரி68உம் இல்லை, பி80உம் இல்லை.

‘கூதல்’ என்று சேர்த்தவருக்கு எக்ஸ்31 விழுந்திருக்கிறது

மாரியில் வரும் பிழை இது. வீட்டார் “கூதல் பிடிச்சுக் கிடக்கிறார்” என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். சேர்க்கும் இடத்தில் அதைக் குளிர் என்று எழுதிவிடுவார்கள். உள்ளே வந்து பார்த்தால் 39.4 பாகைக் காய்ச்சல். அது நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல். பிறகு டெங்குவோ எலிக்காய்ச்சலோ வேறு தொற்றோ என்று தெளியும். அந்த நோயின் குறியீடுதான் கடைசியில் நிற்கவேண்டும். வெப்பநிலை உயர்ந்திருக்கும் ரிக்கற்றில் எக்ஸ்31ஐக் கண்டால் உடனே நிறுத்திப் பாருங்கள். அநேகமாக அது சேர்த்த காரணத்தை வாசித்துப் போட்ட குறியீடு. விடுவித்த நோயறிதலை வாசித்ததல்ல.

அதற்காக ‘எங்கள் ஊரில் குளிர்க்காயமே வராது’ என்று மறுபக்கம் சாயவும் கூடாது. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன. உறைநிலைக்கு அருகே போகவேண்டிய தேவை இல்லை. மழையில் தோய்ந்து, வாடைக்காற்றில், சாப்பாடில்லாமல், குடித்துவிட்டு வெளியில் கிடந்த மெலிந்த முதியவர் ஒருவருக்கு யாழ்ப்பாணத்து மார்கழி இரவு போதும். அப்படி ஒருவர் வரும்போது மேலே சொன்ன 35 பாகை வெப்பமானியோடு நின்றால் நோயே பதிவில் ஏறாமல் போய்விடும்.

இயற்கைக் குளிரா, மனிதர் செய்த குளிரா

எக்ஸ்31 என்றால் காலநிலை. மற்றதெல்லாம் டபிள்யூ93. இரண்டும் ஒரே சம்பவத்துக்கு ஒன்றாக நிற்கா. குருநகரிலோ மயிலிட்டியிலோ மீன் பெட்டிக்குள் ஐஸ் அள்ளி விரல் வெந்தவர், குளிரறைக்குள் கதவு பூட்டுப்பட்டு நின்றவர், வலிக்கு ஐஸ்பொதியை நேரே தோலில் வைத்து நித்திரையாகிவிட்டவர் எல்லோரும் டபிள்யூ93. உலக முறையில் அவ்வளவுதான். நான்காம் எழுத்து இடத்தைக் காட்டும்.

சிஎம் இதைப் பிரிக்கிறது. உலர்பனியைத் தொட்டால் டபிள்யூ93.01, அதன் ஆவியைச் சுவாசித்தால் டபிள்யூ93.02. திரவ நைதரசன் பட்டால் டபிள்யூ93.11. குளிர்ப்பெட்டிக்குள் நெடுநேரம் நின்றால் டபிள்யூ93.2. இவற்றில் அடங்காத ஐஸ் முதலியவை டபிள்யூ93.8. இங்கே மாடுகளுக்குச் செயற்கை முறைச் சினைப்படுத்தல் செய்பவர்கள் விந்துக் குழல்களை மறை 196 பாகையில் உள்ள திரவ நைதரசன் கொள்கலத்தில்தான் கொண்டு திரிகிறார்கள். அது கையில் சிந்தினால் தோல் சுட்டதுபோலக் கொப்பளிக்கும். ரிக்கற்றில் ‘எரிகாயம்’ என்று விழும். எரிகாயக் குறியீடு போட்டால் பிழை. காயம் உறைகாயம், காரணம் டபிள்யூ93.

ரிக்கற்றில் ‘குளிர்’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால்? வகைப்பாட்டின்படி ‘குளிர், வேறு விபரமில்லை’ என்பது எக்ஸ்31க்குள்தான் போகும். அதனால் மூலத்தை எழுதாமல் விட்ட ஒவ்வொரு ஐஸ் தொழிலாளியும் புள்ளிவிபரத்தில் காலநிலையால் பாதிக்கப்பட்டவராக மாறிவிடுகிறார். தொழில்சார் காயம் மறைந்துபோகும் வழி இது.

உறைகாயம் என்று இருக்கிறது, ஆழம் இல்லை

இரண்டு முறையும் நேரெதிராகப் பிரியும் இடம் இது. நிதானமாக வாசியுங்கள்.

ரி33 மேலோட்டமான உறைகாயம். தோலின் தடிப்பில் ஒரு பகுதி மட்டும் போனதும் இதற்குள் அடங்கும். ரி34 இழையம் இறந்த உறைகாயம். இவ்வளவும் பொது. உலக முறையில் இவற்றோடு ரி35 என்ற ஒன்றும் உண்டு. பல உடற்பகுதிகளில் மேலோட்டமான காயம் என்றால் ரி35.0, பல பகுதிகளில் இழைய இறப்போடு என்றால் ரி35.1, ஆழம் சொல்லாத உறைகாயம் என்றால் பகுதி பார்த்து ரி35.2 முதல் ரி35.7 வரை. ‘காலில் உறைகாயம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் உலக முறையில் ரி35.5. சிஎம்மில் ரி35 கிடையவே கிடையாது. அங்கே ஆழம் எழுதாத உறைகாயத்தை அகரவரிசைச் சுட்டி ரி33க்கு அனுப்பிவிடும். ஆக வைத்தியர் ஒரு சொல் விட்டதற்காக, கறுத்துச் செத்த விரல் சிஎம்மில் மேலோட்டமான காயமாகப் பதிவாகும். கொடுப்பனவும் அதற்கேற்பக் குறையும்.

பதிவில் ஆழத்தைச் சொல்லும் சொற்களைத் தேடுங்கள். முதலாம், இரண்டாம் பாகைக் காயம் என்றால் ரி33 பக்கம். மூன்றாம், நான்காம் என்றால் ரி34 பக்கம். தெளிந்த நீர்க் கொப்புளம் பொதுவாக மேலோட்டம். இரத்தம் நிறைந்த கொப்புளம் ஆழம். ஆனால் கொப்புளத்தின் நிறத்தைப் பார்த்து நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்; கேள்வி எழுப்புவதற்கு மட்டும் அதை ஆதாரமாக எடுங்கள். சிலர் ‘பாகை’ என்பதற்குப் பதிலாக ‘தரம்’ என்று எழுதுவார்கள். தரம் 1 முதல் 4 வரையான வகுப்பு உருக்கிய பிறகு நீலநிறம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கும் வேறொரு முறை. தரம் 2ஐ இரண்டாம் பாகையாக வாசித்தால் பிழைக்கும். தாதியின் காய விபரத்தை வைத்தும் ஆழத்தைத் தெரிவு செய்யக்கூடாது. படுக்கைப்புண்ணுக்குத் தாதி எழுதிய நிலையை எடுக்கலாம் என்ற விதி உறைகாயத்துக்கு இல்லை.

சிஎம்மில் பக்கமும் வேண்டும். வலது கால்விரல்கள் ரி33.831, இடது ரி33.832, பாதம் என்றால் ரி33.821, ரி33.822. கைவிரல்கள் ரி33.531, ரி33.532. ஒரு பக்கத்து விரல்கள் எத்தனை என்றாலும் ஒரு குறியீடுதான். நான்கு விரலுக்கு நான்கு தடவை அடித்தால் இரட்டிப்பு என்று திரும்பும். இருபக்கத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு இல்லை, இரண்டு போடவேண்டும். எரிகாயத்துக்குப் போடுவதுபோல உடம்பில் எத்தனை வீதம் என்று ரி31 சேர்ப்பவர்களும் உண்டு. அது எரிகாயத்துக்கு மட்டும்.

உறைந்த உறுப்பை எத்தனை மணிக்கு உருக்கினார்கள் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். 37 முதல் 39 பாகை நீரில் அமிழ்த்திய நேரம், தொடக்கமும் முடிவும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பதா என்ற முடிவு உருக்கி எத்தனை மணித்தியாலம் ஆனது என்பதில்தான் தொங்குகிறது. அமெரிக்காவில் 2024 பெப்ரவரியில் கடும் உறைகாயத்துக்கு ஐலோபிறொஸ்ற் ஊசிக்கு அனுமதி கிடைத்த பிறகு, ஆழமும் நேரமும் எழுதாத பதிவை வைத்துக்கொண்டு அந்த மருந்துக்குக் காசு கேட்பது கடினம்.

இரண்டாம் தடவை வந்தவருக்கு ‘டி’ போட்டோம், திரும்பிவிட்டது

ஏ என்பது முதல் வருகை அல்ல, நோயை நேரே தாக்கும் சிகிச்சை. மூன்றாம் கிழமையில் செத்த விரலை வெட்ட வந்தாலும், அது உறைகாயத்துக்கான சிகிச்சை என்பதால் ஏதான். புதிய சத்திரசிகிச்சை நிபுணர் முதன்முதலாகப் பார்த்து மருத்துவம் செய்தாலும் ஏ. காயம் ஆறும் வழியில் கட்டு மாற்ற, தையல் பார்க்க வந்தால் டி. ஆறிய பிறகு மிஞ்சிய குறைபாட்டுக்கு எஸ்.

எஸ் போடும்போது வரிசை கவனம்: மிஞ்சியிருக்கும் குறைபாடு முதலில், எஸ் போட்ட உறைகாயக் குறியீடு பிறகு. உலக முறையில் இந்த எழுத்தே இல்லை. உறைகாயத்தின் பின்விளைவுக்கு ரி95 என்று தனிக் குறியீடு. கால் என்றால் ரி95.3, கை என்றால் ரி95.2, காரணத்துக்கு வை86. கனடாவிலோ நோர்வேயிலோ பனியில் விரலை இழந்து பல வருடம் கழித்து ஊருக்கு வந்தவர், அந்தத் தழும்பு வெடித்துச் சீழ்பிடித்து இங்கே விடுதியில் படுத்தால் ரி95தான் வேண்டும். ரி34உம் எக்ஸ்31உம் போட்டால், யாழ்ப்பாணத்தில் இந்த வருடம் ஒருவருக்கு உறைபனியில் விரல் போனது என்று அறிக்கை சொல்லும்.

சேற்றுப்புண்ணுக்கு ரி69.0 விழுந்திருக்கிறது

ரி69.0 நீரில் ஊறிய கை, கால்: குளிர்நீரில் மணிக்கணக்காக நின்று உணர்விழந்து, வெளிறி, பிறகு சிவந்து வலிப்பது. வெள்ளத்தில் நடந்தவரின் விரலிடுக்கு வெந்து சொறிவது அதுவல்ல. வைத்தியர் பங்கசு என்று எழுதினால் பி35.3, மடிப்புத் தோல் அழற்சி என்று எழுதினால் எல்30.4. வெறும் ‘சேற்றுப்புண்’ என்று மட்டும் இருந்தால் கேளுங்கள்.

அதேபோல, குளிரில் தடித்துச் சொறிவது எல்50.2. குளிரில் விரல் வெளிறி நீலமாகும் ரேனோ நோய் ஐ73.0, சிஎம்மில் அழுகல் இல்லாவிட்டால் ஐ73.00, இருந்தால் ஐ73.01. ரி69.1 குளிர்வீக்கம் உண்மையில் குளிரும் ஈரமும் சேர்ந்த நாடுகளின் நோய். நுவரெலியாவிலோ வெளிநாட்டிலோ இருந்து வந்தவரிடம் எதிர்பார்க்கலாம்.

கடலில் இருந்து கொண்டுவந்தவர்

கடல்நீர் எங்கள் பக்கம் இதமானதுதான். ஆனாலும் உடம்பைவிடக் குளிர். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டை இழுத்துவிடும். படகு கவிழ்ந்து அல்லது மூழ்கி ஆள் நீரில் கிடந்திருந்தால் நீர்ப்போக்குவரத்து விபத்துக் குறியீடுகள், வி90 முதல் வி94 வரை, முந்தும். நான்காம் எழுத்து 2 என்றால் மீன்பிடிப் படகு. மெஷின் பழுதாகி, படகு கவிழாமல், இரவு முழுதும் மழையிலும் காற்றிலும் நனைந்து விறைத்தவருக்கு எக்ஸ்31. உலக முறையில் இடத்துக்கு 8, தனியே காட்டும் செயல் எழுத்து 2, அதாவது வருமானத்துக்கான வேலை. இரண்டையும் பிரிப்பது ‘படகுக்கு என்ன நடந்தது’ என்ற ஒரு வரி. சேர்க்கும்போது கூட வந்தவரிடம் கேட்டு எழுதினால் உண்டு. மூன்று நாள் கழித்துக் கேட்டால் கூட வந்தவர் மறுபடி கடலுக்குப் போயிருப்பார்.

வீடற்றவர் என்று சமூக சேவையாளர் எழுதியிருக்கிறார், எடுக்கலாமா

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். சிஎம்மில் இசட்59 போன்ற சமூகநிலைக் குறியீடுகளுக்குத் தாதியோ சமூக சேவையாளரோ எழுதியதே போதும். தெருவில் படுப்பவர் என்றால் இசட்59.02, தங்குமிடத்தில் இருப்பவர் என்றால் இசட்59.01. 2023 ஒக்டோபர் 1 முதல் இவை சிக்கல் நிலையாகக் கணக்கெடுக்கப்பட்டு, உள்நோயாளர் கொடுப்பனவைக் கூட்டக்கூடியவை. உறைகாயப் பதிவுகளில் கூடுதலாகத் தவறவிடப்படுவது இந்த ஒரு வரிதான்.

இறப்பு: ரி68 மூலகாரணமாக நிற்கிறது

இறப்புப் பதிவில் விதி தலைகீழ். மூலகாரணம் எக்ஸ்31, ரி68 அதனோடு சேரும் காயத்தன்மை. சான்றிதழில் ‘தாழ்வெப்பநிலை’ என்று மட்டும் எழுதி விடாமல், அடுத்த வரியில் ‘மழையில் திறந்தவெளியில் கிடந்ததால்’ என்பது போலக் காரணமும், இடமும், மதுவோ வேறு நோயோ பங்களித்ததா என்பதும் இருக்க வேண்டும். யாரேனும் பராமரிக்காமல் கைவிட்டதால் நடந்தது என்ற சந்தேகம் இருந்தால் அது வை06 பக்கம் போகும். அதைத் தீர்மானிப்பது சட்ட வைத்திய அதிகாரியும் திடீர் மரண விசாரணை அதிகாரியும், பதிவறை அல்ல. அவர்களின் முடிவு வரும்வரை குறியீட்டை நிறுத்திவையுங்கள்.

வைத்தியரிடம் கேட்கும்போது

‘ரி34 போடட்டுமா’ என்றோ ‘இது ஆழமான காயம்தானே’ என்றோ கேட்கக்கூடாது. விடையை ஊட்டிய கேள்வி தணிக்கையில் விழும். பதிவில் உள்ளதை அப்படியே எடுத்துவைத்து, தெரிவுகளைத் திறந்துவிட்டுக் கேளுங்கள்:

“12ஆம் திகதி காலை 6.40க்கு மலவாசல் வெப்பநிலை 33.1 பாகை என்றும், சூடான போர்வையும் சூடேற்றிய சேலைனும் கொடுத்ததாகவும் பதிவாகியுள்ளது. இதற்குரிய நோயறிதலையும் காரணத்தையும் தயவுசெய்து குறிப்பிடவும்: சுற்றாடல் குளிரால் வந்த தாழ்வெப்பநிலை / சுற்றாடல் குளிரோடு தொடர்பில்லாத தாழ்வெப்பநிலை / வேறு / தீர்மானிக்க முடியவில்லை.”

கடைசி இரண்டு தெரிவையும் வெட்டிவிடாதீர்கள். பதிலை வைத்தியர் திகதியும் கையொப்பமும் இட்டு ரிக்கற்றிலேயே எழுத வேண்டும். தொலைபேசியில் சொன்னதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு குறியீடு போட்டால், அடுத்த தணிக்கையில் அந்தக் குறியீட்டுக்கு ஆதாரம் இல்லை. ரிக்கற் விடுதியை விட்டுப் பதிவறைக்கு வருமுன் கேட்டால் பதில் அன்றே கிடைக்கும். பயிற்சி வைத்தியர்கள் விடுதி மாறிய பிறகு கேட்டால், அந்த நோயாளியைப் பார்த்த ஒருவரும் அங்கே இருக்கமாட்டார்.